இன்கோசியை வளர்த்தது யார்: தலைவர்களா, பணிக்குழுக்களா, பெரிய நிறுவனங்களா?

#1 வைகைக்கரை

சிஸ்டம்ஸ் இன்ஜினியர்களுக்கான சிஎஸ்இபி சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா வேண்டாமா என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழைத் தரும் அமைப்பைப் பற்றி ஓர் இழைகூட இல்லை. அதனால் தொடங்குகிறேன். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்குக்கான சர்வதேசக் கவுன்சில், அதாவது இன்கோசி, எப்படி வளர்ந்தது? அந்த வளர்ச்சியில் அதன் தலைமைக்கு என்ன பங்கு?

தெரியாதவர்களுக்கு முன்கதை. 1989இல் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஒரு கூட்டம் நடத்தியது. ஏவுகணையும் விமானமும் செய்கிற நிறுவனங்களுக்கு அப்போது ஒரு பெரிய குறை இருந்தது. மின்னணுவியல் தெரிந்தவர் கிடைப்பார், இயந்திரவியல் தெரிந்தவர் கிடைப்பார், மென்பொருள் தெரிந்தவர் கிடைப்பார். இந்த மூன்றும் சேரும் இடத்தில் எது உடையும் என்று முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவர் மட்டும் கிடைக்கமாட்டார். அந்த வேலைதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். அடுத்த ஆண்டு சியாட்டிலில் போயிங் கூட்டிய கூட்டத்தில் 'என்கோசி' பிறந்தது. அப்போது அது அமெரிக்காவுக்கு மட்டுமான தேசியக் கவுன்சில். ஜெனரல் டைனமிக்ஸின் ஜெஃப்ரி கிரேடியும் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் மாரும் நிறுவனர்களில் முக்கியமானவர்கள். முதல் மாநாடு 1991இல் டென்னசியின் சட்டனூகாவில் நடந்தது. 1995இல் பெயரில் 'தேசிய' போய் 'சர்வதேச' வந்தது. சில பத்துப் பேரில் தொடங்கிய அமைப்பில் இன்று 20,000 பேர் அளவுக்கு உறுப்பினர்கள்.

என் கட்சி இதுதான். தொழில்முறைச் சங்கங்கள் பல, நிறுவியவர்களின் நண்பர் வட்டமாகவே நின்றுபோகும். இன்கோசி அப்படி நிற்காததற்குத் தலைமை எடுத்த சில முடிவுகளே காரணம். ஐந்து வயதுகூட நிறையாத அமைப்பு தன் பெயரிலிருந்து நாட்டை எடுத்தது முதல் முடிவு. தலைவர் பதவியை இரண்டாண்டாக்கி, அடுத்து வருபவரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக் கூடவே உட்காரவைக்கும் வழக்கம் இன்னொன்று. அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் அந்த நாற்காலிக்கு வந்தது மூன்றாவது: டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் ஹைன்ஸ் ஸ்டோவர், பிரிட்டனின் ஆலன் ஹார்டிங், ஆஸ்திரேலியாவின் கெர்ரி லன்னி, ஜெர்மனியின் ரால்ஃப் ஹார்ட்மன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் பிறந்த அமைப்புக்கு இது தானாக நடந்திருக்காது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

#2 மின்னல்குமார்

வைகை அண்ணா, தலைவர்களுக்கு ரொம்பப் பெருமை கொடுத்துட்டீங்க. காலம் என்ன செஞ்சதுன்னு பாருங்க.

1990ல பனிப்போர் முடியுது. அதுவரைக்கும் அமெரிக்காவுல சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்னா ராணுவத் தரநிலைதான். 1969ல மில்-ஸ்டாண்டர்ட் 499, 1974ல 499ஏ. 499பி வரைவு தயாரா இருந்துச்சு, வெளியே வரவே இல்ல. 1994 ஜூன்ல பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி ஒரு குறிப்பாணை போட்டாரு: முடிஞ்ச வரைக்கும் ராணுவத் தரநிலையை விட்டுட்டு வணிகத் தரநிலைக்குப் போங்கன்னு. அரசாங்கம் காலி பண்ணிட்டுப் போன இடத்துல யாராவது வந்து உட்கார்ந்தே ஆகணும். இவங்க அந்த நேரத்துல அங்க இருந்தாங்க, உட்கார்ந்தாங்க.

அடுத்தது காசு. கார்ப்பரேட் அட்வைசரி போர்டுன்னு ஒண்ணு இருக்கு. பெரிய நிறுவனங்கள் அதுல உறுப்பினர். அந்த நிறுவனங்கள்தான் ஆளை அனுப்புது, அந்த ஆள்தான் தன்னார்வலர். பாதுகாப்புத் துறையில ஆர்டர் இருக்குற வரைக்கும் இந்தச் சங்கம் வளரும். இதுல தலைமையோட திறமை எங்க வருது?

நான் ஓசூர்ல ஒரு சின்ன நிறுவனத்துல எம்பெடெட் வேலை பாக்குறேன். எங்களைப் போன்றவங்களுக்கு அங்க இடமே இல்ல. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

#3 ஓய்வுபெற்றவன்

மின்னல்குமார் தம்பி சொல்லும் வெற்றிடம் உண்மை. நான் அந்தக் காலத்தில் அரசு ஆய்வகத்தில் 499ஏ-வின் நகலை வைத்துத்தான் வேலை பார்த்தேன். ஆனால் அந்த இடத்துக்கு வர இன்னும் பலர் இருந்தார்கள் என்பதை விட்டுவிட்டார். ஐஇஇஇ என்ற மின், மின்னணுப் பொறியாளர் சங்கம் இருந்தது, 1220 என்ற தரநிலையே கொண்டுவந்தது. இஐஏ என்ற மின்னணுத் தொழில் கூட்டமைப்பும் இருந்தது. இவர்கள் முன்னால் என்கோசி நான்கு வயதுக் குழந்தை. பணமோ கட்டடமோ கிடையாது.

அது செய்த காரியத்தைக் கவனியுங்கள். தனியாகத் தரநிலை எழுதிப் போட்டி போடவில்லை. இஐஏ-வின் 632 என்ற தரநிலையின் இடைக்கால வடிவம் 1994இல் வந்தபோது அந்தக் குழுவில் என்கோசி ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 2002இல் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் செயல்முறைகளுக்கான உலகத் தரநிலை ஐஎஸ்ஓ 15288 வந்தது. அதற்குப் பிறகு இன்கோசி தன் கையேட்டை அந்தத் தரநிலையின் வரிசைக்கு மாற்றி எழுதியது. 2006இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த மாற்றம் வந்தது. 2015இல் நான்காம் பதிப்பு, 2023இல் ஐந்தாம் பதிப்பு. 15288-உம் அதே 2015, 2023 ஆண்டுகளில் திருத்தப்பட்டிருக்கிறது. இரண்டும் கைகோத்து நடக்கின்றன.

தரநிலை 'இதைச் செய்' என்று மட்டும் சொல்லும். எப்படிச் செய்வது என்று கையேடு சொல்லும். தேர்வும் அந்தக் கையேட்டிலிருந்துதான். இந்த மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தியது திட்டமிட்ட வேலை. அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது, தம்பி.

#4 ரயில்நிலா

மான்செஸ்டரிலிருந்து. ரயில் சிக்னலிங்கில் இருக்கிறேன்.

ஓய்வுபெற்றவன் ஐயா சொன்னதை ஏற்கிறேன். வைகைக்கரை சொன்ன 'அமெரிக்காவுக்கு வெளியே' என்பதில் ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். 1994இலேயே பிரிட்டனில் கிளை தொடங்கிவிட்டார்கள். 1999இல் வருடாந்திர மாநாடு பிரைட்டனில் நடந்தது. பெயரை மாற்றியது தலைமை என்றாலும், அந்தப் பெயரைப் பொய்யாக்காமல் காப்பாற்றியவர்கள் இந்தக் கிளைகள். பிரிட்டன் கிளை தனி நிறுவனமாகப் பதிவுசெய்து, தனிச் செயலகம், தனி மாநாடு, தனி நிறுவன உறுப்பினர் குழு என்று நடத்துகிறது. ஜெர்மனியில் ஜிஎஃப்எஸ்இ, பிரான்ஸில் அஃபிஸ், ஆஸ்திரேலியாவில் செசா. எல்லாம் தத்தம் பெயரோடு, தத்தம் மொழியில் இயங்கிக்கொண்டே இன்கோசியோடு இணைந்தவை. தலைமை சான் டியாகோவில் உட்கார்ந்து எல்லோரும் ஒரே சட்டை போடுங்கள் என்று சொல்லியிருந்தால் பிரெஞ்சுக்காரர்கள் முதல் நாளே வெளியே போயிருப்பார்கள்.

ஆனால் மின்னல்குமாரின் கேள்வியை அப்படியே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சமீபத்துத் தலைவர்களை வரிசையாகப் பாருங்கள். ஆலன் ஹார்டிங் பிஏஇ சிஸ்டம்ஸ். கேரி ரோட்லர் லாக்ஹீட் மார்ட்டின். கெர்ரி லன்னி தாலஸ் ஆஸ்திரேலியா. மேரிலீ வீட்டன் ஏரோஸ்பேஸ் கார்ப்பரேஷன். ரால்ஃப் ஹார்ட்மன் நீண்ட காலம் ஏர்பஸ்ஸில் இருந்தவர். நாடு மாறுகிறது, துறை மாறவில்லை. ரயிலிலிருந்து ஒருவர், மருத்துவக் கருவியிலிருந்து ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

#5 வைகைக்கரை

ரயில்நிலா, அந்த வரிசையில் 2014-15இல் இருந்த டேவிட் லாங்கையும் சேருங்கள். அவர் வைடெக் என்ற சிறிய மென்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர். அதற்கு முன்னால் 2008-09இல் பேட் ஹேல், எம்ஐடி ஆசிரியர். ஸ்டோவரும் பேராசிரியர்தான், ஐரோப்பிய விண்வெளி முகமையிலும் இருந்தவர். ஆனாலும் நீங்கள் சொன்னது நிற்கிறது. விண்வெளியையும் பாதுகாப்பையும் ஒட்டாத தலைவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் இந்த அமைப்பு பொறியியல் உலகின் மற்ற சங்கங்களைவிட முன்னால் இருக்கிறது. ஜின்னி லென்ட்ஸ் 90களிலேயே தலைவர். பிறகு டோனா ரோட்ஸ், பிரிட்டனின் சமந்தா. 2020 தொடங்கி 2023 முடிய லன்னி, வீட்டன் என்று தொடர்ந்து நான்கு ஆண்டுகள் பெண்கள் தலைமை.

#6 யாழ்தேவி_கனடா

வணக்கம். நான் டொரொன்டோவில மருத்துவ உபகரணம் செய்யிற நிறுவனத்தில வேலை செய்யிறன். நீங்கள் எல்லாரும் தலைவர்மாரைப் பற்றியே கதைக்கிறீங்கள். எனக்கு அவையளைவிடப் பணிக்குழுக்கள்தான் பெரிசாத் தெரியுது.

ஒவ்வொரு வருசமும் ஜனவரிக் கடைசியில ஒரு பணிப்பட்டறை நடக்கும், கனகாலமாகக் கலிபோர்னியாவின் டொரன்ஸ் பக்கம்தான். கோடையில நடக்கிற மாநாடு வேற, இது வேற. இங்க கட்டுரை வாசிக்கிறதில்லை. ஓர் அறைக்குள்ள இருபது பேர் இருந்து ஒரு ஆவணத்தை வரி வரியா எழுதுவினம், அடிபடுவினம், திருத்துவினம். ரிக்வயர்மென்ட், அதாவது செய்யிற பொருள் என்னென்ன செய்ய வேணும் எண்ட தேவைகள், அதுக்கான பணிக்குழு எழுதின வழிகாட்டியை எங்கட நிறுவனத்தில புதுசா வாற எல்லாருக்கும் முதல் நாளே குடுக்கிறம். 'போதுமான', 'விரைவாக', 'தேவைப்பட்டால்' எண்டு ரிக்வயர்மென்ட்டில எழுதக் கூடாது, ஏனெண்டால் அதைச் சோதிச்சுப் பாக்க ஏலாது. இப்பிடிச் சின்னச் சின்ன விசயம்தான். ஆனால் அதுகளால எங்களுக்கு எத்தினை மாத வேலை மிஞ்சியிருக்குது!

சுகாதாரப் பணிக்குழுவைப் பற்றியும் சொல்ல வேணும். மருந்து ஏத்துற இன்ஃப்யூஷன் பம்ப் தெரியும்தானே? 2005 தொடக்கம் 2009 வரைக்கும் அந்தப் பம்புகளால வந்த பாதிப்பு எண்டு மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கிற அமெரிக்க எஃப்டிஏ-வுக்குக் கிடைச்ச அறிக்கைகள் ஏறக்குறைய 56,000. அதே காலத்தில 87 தடவை பம்புகளைத் திருப்பி எடுத்தவை. பிழை எங்க இருந்தது? மென்பொருளில கொஞ்சம், திரையில கொஞ்சம், பட்டரியில கொஞ்சம். அலாரம் அடிச்சும் தாதிக்கு என்ன செய்யிறதெண்டு விளங்காத இடத்தில கொஞ்சம். ஒரு துறைக்காரர் தனிய இருந்து தீர்க்கிற பிரச்சினை இல்லை இது. இன்கோசி ஆக்கள் இந்தப் பம்பையே மாதிரியா எடுத்து, கணினி மாடல் அடிப்படையில எப்பிடி வடிவமைக்கலாம் எண்டு செய்து காட்டினவை.

விமானக்காரரின்ர சங்கம் வைத்தியசாலைக்குள்ள வந்தது இப்பிடித்தான். எந்தத் தலைவரும் கட்டளை போட்டு நடக்கேல்லை. அக்கறை உள்ள நாலு பேர் ஒரு குழு தொடங்க வேணும் எண்டு கேட்டவை, அமைப்பு ஓம் எண்டது.

#7 மின்னல்குமார்

யாழ்தேவி அக்கா, பம்ப் விஷயம் எனக்குத் தெரியாது. படிச்சதும் கொஞ்ச நேரம் யோசிச்சேன். நன்றி.

இருந்தாலும் 'வளர்ச்சி'ங்கற வார்த்தையை ஒரு தடவை அளந்து பார்க்கலாம். திட்ட மேலாளர்களுக்கான பிஎம்ஐ சங்கம் 1969ல அஞ்சாறு பேரோட ஆரம்பிச்சது. இன்னைக்குப் பிஎம்பி சான்றிதழ் வச்சிருக்கறவங்க பத்து லட்சத்துக்கு மேல. இன்கோசிக்கு முப்பத்தஞ்சு வருஷத்துல மொத்த உறுப்பினர் 20,000 பக்கம். இதை எப்படி வளர்ச்சின்னு கொண்டாடறீங்க?

சான்றிதழ் 2004ல வந்துச்சு. சிஎஸ்இபி வாங்க குறைஞ்சது அஞ்சு வருஷ அனுபவம், கூட வேலை பார்த்தவங்க சாட்சிக் கடிதம், அப்புறம் தேர்வு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். தேர்வுக் கட்டணம், சந்தா எல்லாம் டாலர் கணக்கு. அனுபவம் இல்லாதவங்களுக்கு ஏஎஸ்இபி, மூத்தவங்களுக்கு இஎஸ்இபி. படிக்கட்டு அழகாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல எத்தனை நிறுவனம் வேலைக்கு எடுக்கறப்ப இதைக் கேக்குது?

#8 ஓய்வுபெற்றவன்

எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் பிஎம்ஐ-க்கு முன்னால் இன்கோசி சிறியதுதான். ஆனால் கட்டடம் கட்டினாலும் கல்யாண மண்டபம் நடத்தினாலும் திட்ட மேலாளர் தேவைப்படுகிறார். சிஸ்டம்ஸ் இன்ஜினியர் தேவைப்படும் நிறுவனங்கள் உலகத்திலேயே குறைவு. சாட்சிக் கடிதம் கேட்பதை நான் ஆதரிக்கிறேன். வாய்பாடு மனப்பாடம் செய்து தேர்வில் தேறியவரை நம்பி யாரும் உபகிரகத்தை ஒப்படைக்கமாட்டார்கள்.

நம் ஊர் நிறுவனங்கள் கேட்பதில்லை என்பது சரி. பெங்களூரில் வெளிநாட்டு நிறுவனங்களின் பொறியியல் மையங்கள் கேட்கின்றன, அரசுத் துறை கேட்பதில்லை.

#9 வைகைக்கரை

இரவு முழுக்க இதை யோசித்தேன். தலைமை என்றால் தலைவர் என்று எடுத்துக்கொண்டு முதல் பதிவை எழுதினேன். யாழ்தேவி சொன்னதைப் படித்தபின் அதை விரிக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஓர் உதாரணத்தை முழுமையாக எடுத்துக்கொள்வோம்: சிஸ்டம்களை வரைபடமாக விவரிக்கும் மொழியான சிஸ்எம்எல்.

2001 ஜனவரியில் இன்கோசியின் ஒரு பணிக்குழு, மென்பொருளுக்கான யுஎம்எல் மொழியைச் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்குக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டம், தன் அம்புக்குறி, தன் பாணி. ஒருவரின் வரைபடத்தை இன்னொருவர் படித்தால் அர்த்தம் மாறும். யுஎம்எல் மொழி ஓஎம்ஜி என்ற வேறோர் அமைப்பின் சொத்து. அவர்களோடு சேர்ந்தார்கள். 2003இல் ஓஎம்ஜி முறைப்படி முன்மொழிவுகள் கேட்டது. லாக்ஹீட் மார்ட்டினின் சான்ஃபோர்ட் ஃப்ரீடென்தால் முன்னின்று இழுத்தார். மென்கருவி விற்பவர்களும் நாசாவும் பெரிய நிறுவனங்களும் ஒரே மேசையில். 2005இல் குழுவே இரண்டாக உடைந்து, இரண்டு போட்டி வரைவுகள் வந்தன. 2006 தொடக்கத்தில் திரும்பச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டே ஓஎம்ஜி ஏற்றுக்கொண்டது, 2007இல் முதல் பதிப்பு வெளிவந்தது. அதே 2007இல் இன்கோசி, காகித ஆவணங்களை விட்டு மாடல்களுக்குப் போகும் எம்பிஎஸ்இ முயற்சியைத் தொடங்கியது. 2017இல் இரண்டாம் தலைமுறைக்கு முன்மொழிவு கேட்டார்கள். 2025இல் சிஸ்எம்எல் 2 ஏற்கப்பட்டது.

இந்தக் கால் நூற்றாண்டில் எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! ஒவ்வொரு புதுத் தலைவரும் தன் பெயர் சொல்ல ஒரு புதுத் திட்டம் வேண்டும் என்று பழையதை நிறுத்தியிருக்கலாம். நாம் பார்த்த சங்கங்களில் பெரும்பாலும் நடப்பது அதுதானே? இங்கே அது நடக்கவில்லை. அடுத்த தலைவர் இரண்டு வருடம் கூடவே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பொறுப்பேற்கிறார், முந்தையவர் தொடங்கியதன் காரணம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இருபது வருட வேலையைச் செய்வது பணிக்குழு. அதன் கழுத்தை நெரிக்காமல் இரண்டிரண்டு வருடமாகக் கைமாற்றிக் கொடுப்பது தலைமை. இதுதான் அந்த அமைப்பின் பலம் என்று இப்போது நினைக்கிறேன்.

மின்னல்குமாருக்கு: உறுப்பினர் 20,000 பேர்தான். ஆனால் சிஸ்எம்எல் பயன்படுத்துகிறவர், 15288-இன்படி வேலை செய்கிறவர், அந்த ரிக்வயர்மென்ட் வழிகாட்டியைப் படிக்கிறவர் எல்லோரும் உறுப்பினர் அல்ல. சங்கம் எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்பதை அங்கே அளக்க வேண்டும்.

#10 ரயில்நிலா

இதை ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் இதோடு சேரும். இன்கோசி ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு தொலைநோக்கு ஆவணம் போடுகிறது. 2020-ஐ நோக்கிய முதல் ஆவணம் 2007இல் வந்தது. 2025-ஐ நோக்கியது 2014இல். 2035-ஐ நோக்கியது 2022 தொடக்கத்தில். முதலாவது நிபுணர்களுக்காக எழுதப்பட்டது. இரண்டாவது முதல் படம், வண்ணம், எளிய மொழி. உறுப்பினர் அல்லாதவரும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். எங்கள் திட்ட இயக்குநருக்குச் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்றால் என்னவென்று விளக்க நான் கொடுத்தது அதைத்தான். கையேட்டைக் கொடுத்திருந்தால் திறந்திருக்கவே மாட்டார்.

ஆனாலும் ஆசியாவை நினைத்தால் எனக்கு ஆதங்கம்தான். மாநாடு 2009இல் சிங்கப்பூர், 2017இல் அடிலெய்டு. 2020இல் கேப் டவுனில் நடந்திருக்க வேண்டியது, கோவிட் வந்து இணையவழியாகப் போனது. ஆப்பிரிக்காவுக்கு வந்த வாய்ப்பு அப்படியே நழுவியது. பிறகு டெட்ராய்ட், ஹொனலுலு, டப்ளின், ஒட்டாவா. 2026இல் யோக்கஹாமா. இத்தனை பொறியாளர்கள் இருக்கும் இந்தியாவில் இதுவரை ஒன்றுகூட இல்லை.

#11 ஓய்வுபெற்றவன்

அம்மா, அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் மாநாடு வருவதற்கு முன் ஆட்கள் வர வேண்டும். நம்மவர்கள் பணிக்குழுவில் சேர்கிறார்கள், கூட்டத்தில் காது கொடுத்துக் கேட்கிறார்கள், பேசுவதில்லை. நேர வித்தியாசமும் ஒரு காரணம். அமெரிக்கக் காலையில் கூட்டம் வைத்தால் நமக்கு இரவு ஒன்பது, பத்து. 2020, 21இல் கெர்ரி லன்னி தலைவராக இருந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்துகொண்டு உலகம் முழுக்க ஓடிய இணையக் கூட்டங்களை நடத்தினார். அவருக்கு அது நள்ளிரவும் விடிகாலையுமாகத்தான் இருந்திருக்கும். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். நம் பிள்ளைகளில் ஒருவர் அப்படி ஒரு பணிக்குழுவுக்குத் தலைமை ஏற்றால் மற்றது தானாக வரும்.

#12 புதுப்பயிர்

எல்லாருக்கும் வணக்கம். நான் மெக்கட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவி. முழு இழையையும் படித்தேன். நான் இப்போதே ஏஎஸ்இபி எழுதலாமா? அல்லது வேலைக்குப் போனபிறகா? வீட்டில் பணம் கேட்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

#13 யாழ்தேவி_கனடா

தங்கச்சி, ஏஎஸ்இபிக்கு அனுபவம் தேவையில்லை, எழுதலாம். ஆனால் இப்ப காசு செலவழிக்காதேங்கோ. செபோக் எண்டு ஒரு அறிவுத் தொகுப்பு இணையத்தில இலவசமா இருக்குது. 2012இல முதல் பதிப்பு வந்தது, இன்கோசியும் ஐஇஇஇயும் சேர்ந்து பராமரிக்கினம். முதல்ல அதில ரிக்வயர்மென்ட், இன்டர்ஃபேஸ், வெரிஃபிகேஷன் எண்ட மூண்டு பகுதியையும் படியுங்கோ. உங்கட இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ரிக்வயர்மென்ட் பட்டியல் எழுதுங்கோ. எழுதினதை எனக்கு அனுப்புங்கோ, பாத்துத் தாறன். மாணவருக்குச் சந்தா குறைவு. சேர்ந்தால் கையேட்டையும் இறக்கலாம். தேர்வைப் பிறகு யோசிக்கலாம்.

#14 மின்னல்குமார்

புதுப்பயிர், அக்கா சொல்றதைக் கேளுங்க. நான் சொல்ல இருந்ததும் அதேதான்.

வைகை அண்ணா, சிஸ்எம்எல் பத்தி நீங்க எழுதினது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அந்தக் கைமாத்துற பழக்கம் பெரிய விஷயம்தான், ஒத்துக்கறேன். ஆனா என் அடிப்படைக் கேள்வி அப்படியே இருக்கு. 15288ல முப்பது செயல்முறை. எங்க கடையில மொத்தம் பதினெட்டுப் பேர். அதுல ரெண்டு பேர் கணக்கு, ஒருத்தர் ஸ்டோர். பெரிய நிறுவனம் ஒரு செயல்முறைக்கு ஒரு துறையே வச்சிருக்கும். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாகம் செய்யற எங்களை மாதிரி ஆயிரம் பட்டறை இருக்கு. எங்களுக்காக அந்தச் சங்கம் ஒரு வரியாவது எழுதியிருக்கா?

#15 வைகைக்கரை

எழுதியிருக்கிறது. மிகச் சிறிய நிறுவனங்களுக்கென்றே இன்கோசியில் ஒரு பணிக்குழு தொடங்கினார்கள். ஐஎஸ்ஓ 29110 என்ற தொடரைத் தேடுங்கள். 25 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கானது. முதலில் மென்பொருளுக்கு மட்டும் இருந்தது. மான்ட்ரியாலில் பேராசிரியராக இருந்த கிளாட் லபோர்ட் அதில் முக்கியமானவர். பிறகு இன்கோசி பணிக்குழுவும் சேர்ந்து உழைத்து, சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்குக்கான அடிப்படைப் பகுதி 2014இல் வந்தது. 15288-இன் எல்லாச் செயல்முறையும் அதில் கிடையாது. திட்ட மேலாண்மை ஒன்று, சிஸ்டம் வரையறுத்துச் செய்து முடிப்பது ஒன்று, இரண்டே இரண்டுதான். அந்த வழிகாட்டியை ஐஎஸ்ஓ தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கலாம். 29110-5-6-2 என்று தேடுங்கள்.

#16 மின்னல்குமார்

இறக்கிட்டேன். முதல் இருபது பக்கம் பார்த்தேன். யார் என்ன ஆவணம் கொடுக்கணும்னு அட்டவணை இருக்கு, ஒரே ஆள் ரெண்டு மூணு பொறுப்பு எடுத்துக்கலாம்னு இருக்கு. இது எங்களுக்குச் சரிவரும் போலத் தெரியுது. ஒரே சந்தேகம்: வாடிக்கையாளர் எழுத்துல ரிக்வயர்மென்ட்டே தரமாட்டார், போன்லதான் சொல்வார். அப்ப எங்கிருந்து ஆரம்பிக்கறது?

#17 யாழ்தேவி_கனடா

ஃபோனில சொன்னதை நீங்களே எழுதி, எண் போட்டு, அண்டைக்கே அவருக்குத் திருப்பி அனுப்புங்கோ. 'நான் இப்பிடி விளங்கியிருக்கிறன், சரியோ?' எண்டு கேளுங்கோ. அவர் ஓம் எண்டு ஒரு வரி எழுதினால் அதுதான் உங்கட முதல் பேஸ்லைன், இனி வாற மாற்றங்களை ஒப்பிடுற அடிப்படை. அதுக்குப் பிறகு அவர் மாத்தச் சொன்னால் எண்ணைச் சொல்லி, 'நாலாவதை மாத்திறம், இதால இத்தினை நாள் கூடும்' எண்டு பதில் எழுதுங்கோ. எங்கட இடத்திலயும் சின்ன சப்ளையர்மாரோட இப்பிடித்தான் செய்யிறம்.

#18 மின்னல்குமார்

சரிங்க அக்கா. திங்கக்கிழமை ஒரு வைப்பர் மோட்டார் கன்ட்ரோலர் ஆர்டர் பேச வர்றாங்க. அதுல செஞ்சு பார்த்துட்டு இங்கயே எழுதறேன்.